ஸ்வாப் எடுத்த நேரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்டபடி மருந்து கொடுக்காமல், முதலில் கல்ச்சர் டெஸ்ட் செய்து, அதாவது கிருமியை லேபில் வளர்த்துப் பார்த்து, எந்தக் கிருமி என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் புண்ணிலிருந்து ஸ்வாப் (பஞ்சுக்குச்சியில் தொட்டெடுக்கும் சாம்பிள்) எடுப்பதற்கும் அது லேபுக்கு வந்து சேர்வதற்கும் நடுவே போகிற நேரத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நான் 26 வருடமாக நுண்ணுயிரியல் லேபில் பிளேட் போடுகிறவள், அதாவது தட்டில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கிறவள். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு ஸ்வாப் வந்தது. காலில் ஆழமான சீழ்க்கட்டி என்று படிவத்தில் இருந்தது. குழாய்க்குள் வெறும் பஞ்சுக்குச்சி, கிருமியை வழியில் காக்கிற மீடியம் எதுவும் கிடையாது. பஞ்சு காய்ந்து பழுப்பேறி, குழாயின் சுவரோடு ஒட்டியிருந்தது. இழுத்தபோது நூல் நூலாகப் பிரிந்து வந்தது. எடுத்த தேதி இருந்தது, நேரம் இல்லை. இரண்டு சொட்டு சலைன் விட்டு நனைத்து பிளேட்டில் தேய்த்தேன். மிச்சத்தை ஸ்லைடில் தடவி, கிருமிகளுக்கு நிறமேற்றும் கிராம் ஸ்டெயின் போட்டேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சீழ் செல்கள் நிறைய இருந்தன. அவற்றுக்கு நடுவே ஊதா நிறத்தில் மணி கோத்தது போலச் சங்கிலிகள், பக்கத்திலேயே மெல்லிய சிவப்புக் குச்சிகள். இரண்டு நாள் இன்குபேட்டரில் வைத்தும் பிளேட்டில் வந்தது நான்கைந்து வெள்ளைப் புள்ளிகள்தான். எல்லாருடைய தோலிலும் இருக்கிற சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ். ஸ்லைடில் நான் கண்ணால் பார்த்த எதுவும் வளரவில்லை.

செத்த கிருமியும் சாயத்தைப் பிடிக்கும், ஆனால் வளராது. ஏற்கெனவே மருந்து ஆரம்பித்திருந்தாலும் இப்படி ஆகலாம். இவருக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று படிவத்தில் தெளிவாக இருந்தது. அவை வழியிலேயே செத்துப்போயிருந்தன.

கிருமி என்றால் எதற்கும் அசையாது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உடம்பை விட்டு வெளியே வந்தாலே தாங்காத கிருமிகள் எத்தனையோ இருக்கின்றன. கொனோரியா கிருமிக்குக் காய்ந்தாலும் ஆகாது, குளிர்ந்தாலும் ஆகாது. ஆழமான கட்டிகளுக்குள் வாழும் அனரோப் வகைகளுக்குக் காற்றே நஞ்சு. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா, மலத்தை அப்படியே வைத்திருந்தால் அதில் ஏறுகிற புளிப்பிலேயே இறந்துவிடும். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் தன் சுவரைத் தானே கரைத்துக்கொண்டு காணாமல் போகும். தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸோ காய்ந்த பஞ்சிலும் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதனால் தாமதமாக வரும் ஸ்வாப், கிருமியே இல்லை என்று சொல்வதோடு நிற்பதில்லை, சில நேரம் சம்பந்தமில்லாத ஒரு கிருமியின் பெயரைச் சொல்லிவிடும். அந்தப் பெயரை நம்பி மருந்து மாற்றுவார்கள். எனக்குத் தூக்கம் வராமல் செய்வது இதுதான்.

சரி, காயாமல் இருக்கச் சத்துள்ள திரவத்தில் போட்டு அனுப்பலாமே என்று பயிற்சிக்கு வரும் மாணவர்கள் கேட்பார்கள். அங்கே இன்னொரு வம்பு. ஈ. கோலை மாதிரியான கிருமி, சூடும் உணவும் சரியாக அமைந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். 4 மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகிவிடும். மெதுவாக வளரும் நோய்க்கிருமி அந்தக் கூட்டத்தில் அமுங்கிப்போகும். ஆகவே சாம்பிளை வைத்து அனுப்புகிற டிரான்ஸ்போர்ட் மீடியத்தில் வேண்டுமென்றேதான் உணவு வைப்பதில்லை. சாகவும் கூடாது, பெருகவும் கூடாது. பட்டினி போட்டு உயிரோடு வைத்திருக்கிற வேலை அது.

இந்த வேலையை முதலில் சரியாகச் செய்து காட்டியவர் ஸ்டூவர்ட் என்ற நுண்ணுயிரியலாளர். 1940-களில், கொனோரியா சாம்பிள்களைத் தூரத்து கிளினிக்குகளிலிருந்து ஒரே லேபுக்கு வரவழைக்க வேண்டியிருந்தது. அதற்காக அவர் செய்த மீடியத்தில் ஜெல்லி போல உறையச் செய்யும் அகார் கொஞ்சம் இருக்கும். தளதளவென்று இருப்பதால் காற்று எளிதில் உள்ளே இறங்காது. இறங்குகிற கொஞ்ச ஆக்சிஜனையும் தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் எடுத்துக்கொள்ளும். மெத்திலீன் புளூ என்ற சாயமும் சேர்த்திருப்பார். ஆக்சிஜன் புகுந்த இடம் நீலமாக மாறிவிடும், குழாயைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். அதிலும் ஒரு குறை இருந்தது. அவர் பயன்படுத்திய கிளிசரோபாஸ்பேட் என்ற உப்பையே சில குடல் கிருமிகள் உணவாக்கிக்கொண்டு பெருகின. 1967-ல் ஏமிஸ் என்பவர் அதை எடுத்துவிட்டுச் சாதாரண பாஸ்பேட் உப்புகளைப் போட்டார், நஞ்சுகளை உறிஞ்ச மீடியத்திலேயே கரித்தூளும் சேர்த்தார். கரி கலந்த குழாயில் வரும் ஸ்வாப்பை ஸ்லைடில் தடவினால் கறுப்புத் துகள்கள் கண்ணைக் குழப்பும், அதனால் ஸ்லைடுக்குத் தனியாக இன்னொரு ஸ்வாப் அனுப்பினால் எங்களுக்குப் பெரிய உதவி. மலத்துக்கு 1964-ல் வந்த கேரி பிளேர் மீடியம்தான் சரி. அதன் காரத்தன்மையில் காலரா கிருமியும் ஷிகெல்லாவும் தாக்குப்பிடிக்கும்.

குச்சியும் பஞ்சும் கூடச் சும்மா இருப்பதில்லை. பஞ்சில் இயற்கையாகவே இருக்கிற கொழுப்பு அமிலங்கள் நுட்பமான கிருமிகளைக் கொல்லும். மரக்குச்சியிலிருந்தும் நஞ்சு இறங்கும். அது போக, பஞ்சு உள்ளே இழுத்துக்கொண்டதை எளிதில் திருப்பித் தராது. இப்போது வரும் நைலான் ஸ்வாப்பில் இழைகள் வெல்வெட் போல வெளியே நிற்கும், எடுத்ததில் பெரும்பகுதியைத் திரவத்தில் விட்டுவிடும்.

அடுத்தது ஃபிரிட்ஜ். எதுவானாலும் ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது என்ற எண்ணம் வார்டுகளிலும் இருக்கிறது. சிறுநீருக்கு அது சரி, 4 டிகிரியில் ஒரு நாள் வரை வைக்கலாம். முதுகுத்தண்டு நீரை அப்படி வைக்கவே கூடாது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் அந்தக் குளிரில் செத்துவிடும். ஸ்வாப் விஷயமில்லை என்றாலும் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. அப்புறம், கல்ச்சருக்கு வேண்டிய திசுவை ஃபார்மலினில் போட்டு அனுப்புகிறார்கள். அதில் எந்தக் கிருமியும் பிழைக்காது. அந்தப் பாட்டிலைத் திறந்து வாசனை வந்ததுமே எனக்கு மனசு விட்டுப்போகும், ஏனென்றால் அந்தத் திசுவுக்காக ஒருவர் கத்திக்குக் கீழே படுத்திருக்கிறார்.

செவிலியர்களையோ சாம்பிள் தூக்கி வருகிறவர்களையோ நான் குறை சொல்லவில்லை. காலையில் எடுத்ததை எல்லாம் சேர்த்துவைத்து மாலையில் ஒரே நடையாகக் கொண்டுபோகலாம் என்று யாரோ போட்ட ஏற்பாட்டில்தான் இது நடக்கிறது. லேப்களும் பொறுப்பேற்க வேண்டும். காய்ந்த ஸ்வாப் வந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு 'குரோத் இல்லை' என்று அடித்துக்கொடுக்கக் கூடாது, வேறு எடுக்க முடியுமா என்று உடனே போன் செய்து கேட்க வேண்டும். முடியாதென்றால் சாம்பிள் எந்த நிலையில் வந்தது என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்.

நான் கேட்பது சின்ன மாற்றம்தான். கல்ச்சர் படிவத்தில் தேதிக்குப் பக்கத்தில் 'எடுத்த நேரம்', 'லேபுக்கு வந்த நேரம்' என்று இரண்டு கட்டங்கள் வேண்டும். அந்த இரண்டும் ரிப்போர்ட்டிலும் அச்சாக வேண்டும். 'குரோத் இல்லை' என்பதற்குப் பக்கத்தில் ஒன்பது மணி நேர இடைவெளி தெரிந்தால், எந்த மருத்துவரும் அதை அப்படியே நம்பமாட்டார். சாம்பிளை உங்கள் கையில் கொடுத்து லேபில் சேர்க்கச் சொன்னால், நடுவில் எங்கும் நிற்காமல் நேரே கொண்டுபோங்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

அந்தக் கால் கட்டிக்காரருக்கு மறுபடி எடுக்கச் சொன்னோம். இந்த முறை ஸ்வாப் வேண்டாம், சீழையே சிரிஞ்சில் உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, ஊசியைக் கழற்றி மூடி போட்டு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன். லேபிளில் செவிலியர் நீல மையில் 10.40 என்று எழுதியிருந்தார். என் கைக்கு வந்தபோது மணி 11.05. மூன்றாம் நாள், ஆக்சிஜன் இல்லாமல் கிருமி வளர்க்கும் அனரோபிக் ஜாரைத் திறந்து பிளேட்டை எடுத்தேன். ஸ்லைடில் முதலில் பார்த்த சங்கிலியும் குச்சியும் இரண்டுமே வளர்ந்திருந்தன.

இப்படிக்கு,
ஆய்வகத் தொழில்நுட்பர்,
நுண்ணுயிரியல் பிரிவு