நான்கு காசுகளும் தளர்ந்த சங்கிலியும்

அன்பு மகளுக்கு,

குறி பார்க்க நீ எடுத்த மூன்று டாரோ அட்டைகளின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது: ஃபோர் ஆஃப் பெண்டகிள்ஸ் (நான்கு காசுகள்), டெவில் (சாத்தான்), சிக்ஸ் ஆஃப் பெண்டகிள்ஸ் (ஆறு காசுகள்). "இவர் பணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என்னை ஆட்டிவைக்கிறார் என்றுதானே அர்த்தம்?" என்று மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டிருந்தாய். போனில் பேசினால் இருவருமே அவசரப்படுவோம் என்பதால் எழுதுகிறேன்.

78 டாரோ அட்டைகளில் எதுவும் அடுத்தவர் மனதைத் திறந்து காட்டும் என்று நான் நம்பவில்லை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சீட்டாட்டத்துக்காகப் பிறந்தவை அவை. குறி பார்ப்பது 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில்தான் பரவியது. ஆனாலும் 1909-இல் லண்டனில் வெளியான நம் அட்டைக் கட்டுக்குப் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்களில், கைகள் என்ன செய்கின்றன என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

முதல் அட்டையில் மகுடம் அணிந்தவன் ஒரு காசை நெஞ்சோடு அணைத்து, ஒன்றைத் தலையில் தாங்கி, இரண்டைக் காலடியில் மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறான். தனியாக வந்தால் இதைச் சேமிப்பு என்றே படிப்பேன். சீட்டுக் கட்டிக் குடும்பத்தைக் கரையேற்றிய எந்தப் பெண்ணும் இதைக் குறை சொல்லமாட்டாள். அருகில் டெவில் வந்தால் அதே அணைப்பு பயமாகிவிடுகிறது: எழுந்தால் காசு உருண்டுவிடும், ஆகவே அவன் எழவே முடியாது. டெவிலுக்குப் பதில் எம்பரர் (பேரரசன்) அட்டை வந்திருந்தால் சட்டம் போட்டு ஆளும் அதிகாரம் என்றிருப்பேன். இது இழப்புக்கு அஞ்சும் பிடி.

டெவில் அட்டையில் ஆணும் பெண்ணும் கழுத்தில் சங்கிலியோடு நிற்கிறார்கள். கைகள் கட்டப்படவில்லை, வளையமும் தலைவழியே கழற்றும் அளவுக்குத் தளர்ந்திருக்கிறது. அதற்காக, மாட்டிக்கொண்டவர்மேல் பழி போடும் வாசிப்பை நான் ஏற்பதில்லை. உன் சம்பளத்தையோ ஏடிஎம் கார்டையோ அவர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் அட்டையை மூடிவிட்டு உடனே என்னிடம் சொல், அம்மா கிளம்பி வருகிறேன். அப்படி இல்லையென்றால், சங்கிலி இருவர் கழுத்திலும் இருப்பதைக் கவனி.

மூன்றாவது அட்டைதான் என்னைச் சுருக்கென்று தைத்தது. செல்வன் ஒருவன் ஒரு கையால் காசு போடுகிறான், மறு கையில் தராசு பிடித்திருக்கிறான், கீழே இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்தத் தராசுக் கை மாப்பிள்ளையுடையது என்று நீ எடுத்துக்கொண்டாய். எனக்கோ அது என் கையாகவே தெரிந்தது. ஃப்ளாட் வாங்க நான்கு லட்சம் கொடுத்த நாளிலிருந்து திரைச்சீலை என்ன விலை, ஊட்டிக்கு இப்போது ஏன் போகவேண்டும் என்று மாதாமாதம் கேட்டுக்கொண்டிருக்கிறேனே, அது வேறென்ன? ஒருமுறை நான் கேட்டபோது மாப்பிள்ளை பதில் சொல்லாமல் எழுந்து பால்கனிக்குப் போனது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. எனக்குத் திருப்பித் தரவேண்டுமே என்ற பயத்தில்கூட அவர் செலவைச் சுருக்கியிருக்கலாம். அதை அட்டையிடம் கேட்காதே, அவரிடம் கேள்.

அந்த நான்கு லட்சத்துக்கு நான் தேதி போட்டுக் கணக்கு எழுதி வந்த நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். அதற்குப் பிரதி எடுத்து வைக்கவில்லை.

அன்புடன்,
அம்மா