கணக்கு எழுதப் போன இடத்தில் நடிப்பு

பட்டர்வொர்த், மலேசியா

அன்புள்ள சுப்ரா,

நலம். முட்டிவலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. அக்காவின் பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்று.

உன் மகன் கணக்கர் வேலையை விட்டுவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்ததைப் பற்றி, "படித்த படிப்பும் நாலு வருஷ வேலையும் வீண்" என்று எழுதியிருந்தாய். அந்த 'வீண்' என்ற சொல் பத்து நாளாய் மனசை உறுத்துகிறது.

போன ஞாயிறு பெர்ரியில் பினாங்குத் தீவுக்குப் போனேன். லிட்டில் இந்தியாவில் சாப்பிட உட்கார்ந்தால் டிவியில் 'மகாராஜா' படம் ஓடுகிறது. விஜய் சேதுபதி காதில் கட்டோடு போலீஸ் ஸ்டேஷனில் நின்று, காணாமல் போன குப்பைத்தொட்டியைப் பற்றிச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். பக்கத்து மேசைக்காரர் சோறு கையிலேயே காய்ந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உன் மகன் ஞாபகம் வந்துவிட்டது.

விஜய் சேதுபதி பி.காம் படித்தவர், தெரியுமா? கடையில் சேல்ஸ்மேன், துரித உணவுக் கடையில் கேஷியர், டெலிபோன் பூத், அப்புறம் சிமெண்ட் மொத்த வியாபாரியிடம் கணக்கு உதவியாளர். நானும் ஹார்ட்வேர் கடையில் இருபது வருஷம் பில் எழுதியவன். சிமெண்ட் தூசி படிந்த பில் புத்தகத்தைப் புரட்டினால் விரல் நுனி எப்படி வறண்டு போகும் என்று எனக்குத் தெரியும். அப்புறம் அவர் வீட்டுக்காகத் துபாய் போய் அங்கேயும் கணக்குதான். 2003-இல் திரும்பி வந்து, நாடக ஆசிரியர் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் சேர்ந்தார். எந்த வேலைக்கு? அங்கேயும் கணக்கு எழுதத்தான்! ஒத்திகைகளைக் கிட்டே இருந்து பார்த்துப் பார்த்து நடிப்பு கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகும் சின்னச் சின்ன வேடங்கள். 'தென்மேற்குப் பருவக்காற்று' வந்தது 2010-இல். அப்போது அவருக்கு 32 வயது. உன் பையனுக்கு இன்னும் முப்பதே ஆகவில்லை.

கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு மனிதர்களைத் தெரியும், சுப்ரா. கடன் கேட்க வருகிறவன் முதலில் மழையைப் பற்றிப் பேசுவான். காசு இருக்கிறவன் பில்லைப் பார்க்கவே மாட்டான். உன் மகனும் இதையெல்லாம் நாலு வருஷம் பார்த்திருக்கிறான். அது எப்படி வீணாகும்?

எனக்கு இன்னும் பிடித்தது விஜய் சேதுபதி வேடம் எடுக்கிற விதம். 2015-இல் 'ஆரஞ்சு மிட்டாய்'. 37 வயதுக்காரர் நரைத்த தாடியோடு வயசான அப்பாவாக வருகிறார். 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் திருநங்கை ஷில்பாவாகப் புடவை கட்டிக்கொண்டு, மகனோடு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். அதற்கு தேசிய விருதும் கிடைத்தது. 25-வது படம் என்றால் மற்றவர்கள் தங்களுக்குக் கட்அவுட் வைக்கிற மாதிரி கதை தேடுவார்கள். இவர் எடுத்தது 'சீதக்காதி'. கூட்டம் குறைந்துபோன மேடையையே நம்பி வாழும் கிழ நடிகர். படத்தின் முற்பகுதியிலேயே இறந்துவிடுகிறார். அதைப் பார்த்து அழுதேன், சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாம் போட்ட நாடகம், கேஸ் விளக்கு, நீ வசனம் மறந்தபோது நான் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தது எல்லாம் அப்படியே கண்முன் வந்தது. அடுத்த வருஷமே நான் கடைக்குப் போய்விட்டேன், நீ துறைமுகத்துக்கு. நமக்குச் சொல்ல ஆள் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். அவனிடம் கோபமாகப் பேசாதே. கதாநாயகன் வேடத்துக்காகக் காத்திருக்காமல், கிடைக்கிற கிழவனையும் காவல்காரனையும் நன்றாகச் செய்யச் சொல். சாயங்காலத்தில் இரண்டு கடைக்குக் கணக்கு எழுதினால் வாடகைக்கும் ஆகும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருகிறாய்தானே? அவனையும் கூட்டிக்கொண்டு வாடா. நம் பழைய நாடக நோட்டு ஒன்று என் பெட்டியில் இருக்கிறது, ஓரத்தைக் கரையான் தின்றிருந்தாலும் வசனம் தெரிகிறது. அவன் கையில் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
மாணிக்கம்