கல்லைப் பார்த்துத் தங்கம் சொல்ல மாட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

நகைப் பட்டறைக்காரர்களோடு இப்போது கல் கொண்டுவருகிறவர்களும் நம் சோதனைக்கூடத்துக்கு அதிகம் வருகிறார்கள். கிணறு வெட்டும்போது கிடைத்தது, கூடலூர்ப் பக்கம் ஓடையில் பொறுக்கியது, நிலம் வாங்கச் சொல்லித் தரகர் கொடுத்தனுப்பியது என்று மேசைமேல் வைத்துவிட்டு, "பார்த்துச் சொல்லுங்க, இதுல தங்கம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். நாங்கள் பார்த்துச் சொல்வதில்லை. சோதனைக் கட்டணத்துக்காகத்தான் மறுக்கிறோம் என்று சிலர் வருத்தப்பட்டதால் காரணத்தை விளக்கமாக எழுதுகிறோம்.

கல்லில் மஞ்சளாக மின்னுவது பெரும்பாலும் பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது. ஊசி முனையால் அழுத்தினால் தங்கம் குழியும், பைரைட் உடைந்து கறுப்புத் தூளாகும். இந்தச் சோதனையை நீங்களே வீட்டில் செய்யலாம். ஆனால் மின்னுவது தங்கம் இல்லை என்று தெரிந்துவிட்டதால் கல்லிலேயே தங்கம் இல்லை என்று ஆகாது. அந்தப் பைரைட்டுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத தங்கம் இருக்கக்கூடும். ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் 1890களில் தங்கமும் டெல்லூரியம் என்ற தனிமமும் சேர்ந்த கல்லைப் பைரைட் என்று நினைத்து ஒதுக்கி, பாதை போடவும் பள்ளம் நிரப்பவும் கொட்டினார்கள். அது என்னவென்று தெரிந்த பிறகு கொட்டியதையெல்லாம் திரும்பத் தோண்டி எடுத்தார்கள்.

கோலார் தங்கவயல் 2001ல் மூடப்பட்ட காலத்தில் ஒரு டன் கல்லுக்குச் சுமார் 3 கிராம் தங்கம் கிடைத்தது. சதவீதமாகச் சொன்னால் 0.0003. அங்கே சுரங்கத்தில் இறங்கிய நம் வட ஆற்காட்டு, சேலத்துக் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் மேலே அனுப்பியதில் பெரும்பகுதி சாதாரணக் கல்லாகத்தான் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த அளவைத்தான் நகைக்கடை எக்ஸ்ஆர்எஃப் மெஷினில், அதாவது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகங்களை அளக்கும் கருவியில், வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். 916 நகையில் 91.6 சதவீதம் தங்கம், அதுவும் உருக்கிக் கலந்தது. அதற்கு அந்த மெஷின் அருமையானது. கல்லில் அது மேற்பரப்பில் ஒரு புள்ளியை மட்டும் பார்க்கும். டன்னுக்குச் சில கிராம் என்ற அளவு அதன் கண்ணில் படாது. போதாததற்கு, துத்தநாகமோ டங்ஸ்டனோ கல்லில் இருந்தால் அவற்றின் கதிர்கள் தங்கத்தின் கதிருக்கு மிக அருகில் விழுவதால், இல்லாத தங்கத்தை இருப்பதாகத் திரையில் காட்டும். அந்தத் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி நிலம் பேரம் நடக்கிறது. தயவுசெய்து அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, முறையான சோதனை என்றால் என்ன? கொண்டுவந்த கல் முழுவதையும் முதலில் நொறுக்குகிறோம். நன்றாகக் கலந்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் எடுத்துக் குறைத்துக்கொண்டே வருகிறோம். கடைசிப் பங்கை 75 மைக்ரானுக்கு, அதாவது முகப்பவுடர் போல, அரைக்கிறோம். அதில் 30 கிராம் எடுத்து, மிருதாரசிங்கி (ஈய ஆக்சைடு), சோடா, வெங்காரம், கொஞ்சம் மாவு சேர்த்து மூசையில் இட்டு, 1000 டிகிரிக்கு மேல் உருக்குகிறோம். மாவிலுள்ள கரி மிருதாரசிங்கியை ஈயமாக்கும். அந்த ஈயம் துளித்துளியாகக் கீழே இறங்கும்போது தங்கத்தையும் வெள்ளியையும் பிடித்துக்கொண்டு போகும், கல் கசடாக மேலே நிற்கும். ஈயக் கட்டியை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்து மறுபடி உலையில் போட்டால் ஈயம் கிண்ணத்துக்குள் ஊறிப்போய், ஒரு சிறு மணி மட்டும் மிஞ்சும். நைட்ரிக் அமிலம் அதிலிருக்கும் வெள்ளியைக் கரைத்துவிடும். மீதி தங்கம், அதை எடை போடுகிறோம். பல நூற்றாண்டுகளாகச் செய்துவரும் முறை இது, இன்றும் பெரிய சுரங்கக் கம்பெனிகள் இதைத்தான் நம்புகின்றன. மிருதாரசிங்கியிலேயே கொஞ்சம் வெள்ளியும் துளியளவு தங்கமும் இருக்கக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறையும் கல்லே போடாத ஒரு மூசையையும் கூடவே வைக்கிறோம். தங்க அளவு முன்பே தெரிந்த ஒரு மாதிரியும் அதே உலைக்குள் போகும். இவை இரண்டும் சரியாக வராவிட்டால் அன்றைய முடிவு எதையும் தருவதில்லை.

இவ்வளவு செய்தும், நீங்கள் கொண்டுவரும் மாதிரி தவறாக இருந்தால் எல்லாம் வீண். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தங்கக் கல்லுக்குப் பொருந்தாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாப் பக்கமும் 0.2 மில்லிமீட்டர் உள்ள ஒரு தங்கத் துகளின் எடை சுமார் 0.15 மில்லிகிராம். எங்கள் 30 கிராமுக்குள் அது ஒன்று விழுந்தால் டன்னுக்கு 5 கிராம் என்று முடிவு வரும். விழாவிட்டால் பூஜ்யம். இரண்டும் ஒரே கல்லிலிருந்து வந்த முடிவுகள்! அதனால்தான் தங்கம் பருமனாக இருக்குமென்று தோன்றினால் ஒரு கிலோ அளவுக்குச் சலித்து, சல்லடையில் தங்குவதைத் தனியாகவும் கீழே விழுவதைத் தனியாகவும் சோதிக்கிறோம். செலவு கூடுதல்தான், வேறு வழியில்லை.

மாதிரியைப் பற்றிப் பேசும்போது இந்தோனேசியாவின் புசாங் நினைவுக்கு வராமல் இருக்காது. கிழக்குக் கலிமந்தான் காட்டில் கோடிக்கணக்கான அவுன்ஸ் தங்கம் இருப்பதாகக் கனடாவின் பிரே-எக்ஸ் கம்பெனி அறிவித்தது. அதன் பங்குகளின் மொத்த மதிப்பு 600 கோடி கனடிய டாலரைத் தாண்டியது. துளையிட்டு எடுக்கும் கல் தண்டை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி மறுபாதியைப் பத்திரமாக வைப்பதுதான் வழக்கம். அங்கே தண்டு முழுவதையும் நொறுக்கி அனுப்பினார்கள். மறுபடி சோதிக்கக் கல் மிஞ்சவில்லை. கடைசியில் ஃப்ரீபோர்ட் என்ற அமெரிக்கச் சுரங்கக் கம்பெனி அதே இடங்களில் தானே துளையிட்டுப் பார்த்தபோது சொல்லும்படி தங்கம் இல்லை. 1997 மே மாதம் சுயேச்சையான ஆய்வு வந்தது: மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் தூவியிருக்கிறார்கள். அந்தத் துகள்கள் ஆற்றுத் தங்கம்போல விளிம்பு மழுங்கி இருந்தன. ஓய்வுக்கால சேமிப்பைப் போட்டிருந்த சாதாரண மக்கள் நிறையப் பேர் நஷ்டப்பட்டார்கள். பைக்குள் இருந்ததை உலை சரியாகவே அளந்தது, பை நிரம்பிய இடத்தில்தான் கோளாறு. எங்கள் அறிக்கையில் "வாடிக்கையாளர் கொண்டுவந்த மாதிரிக்கு மட்டும்" என்று அச்சடிப்பதன் பொருள் இதுதான். தரகர் கையால் வந்த பையை நாங்கள் எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் அது அந்த நிலத்தைப் பற்றிய சான்று ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கூடத்தில் "இல்லை" என்றால் அடுத்த கூடம், அங்கும் "இல்லை" என்றால் இன்னொன்று என்று அலைகிறவர்களைப் பார்க்கிறோம். 1576ல் ஆங்கிலேயக் கடலோடி மார்ட்டின் ஃப்ரோபிஷர் இன்றைய கனடாவின் பாஃபின் தீவுப் பகுதியிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கல்லுக்கும் லண்டனில் இதுவே நடந்தது. சிலர் தங்கம் இல்லை என்றார்கள், ஒருவர் இருக்கிறது என்றார். அந்த ஒருவர் பேச்சை நம்பி மேலும் இரண்டு முறை கப்பல்கள் போய் ஆயிரம் டன்னுக்கு மேல் கல்லை ஏற்றி வந்தன. உருக்கிப் பார்த்ததில் ஒன்றுமில்லை. முடிவுகள் முரண்பட்டால் விருப்பமானதைப் பிடித்துக்கொள்ளாமல், ஒரே மாதிரியைப் பிரித்து இரண்டு கூடங்களுக்கு அனுப்புங்கள். எங்களுடையதையும் அப்படிச் சரிபார்க்கலாம், நாங்கள் வருத்தப்பட மாட்டோம்.

தங்கம் இருப்பது உறுதியானாலும் உடனே தோண்டிவிட முடியாது, அதற்கு அரசின் குத்தகை வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து நண்பர்கள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். 1880ஐ ஒட்டி லண்டனில் பணம் திரட்டித் தேவாலாவில் இறங்கிய கம்பெனிகளே எதிர்பார்த்த தங்கம் கிடைக்காமல் சில வருடங்களில் கைவிட்டுப் போன மண் அது.

இனி வரும்போது மின்னுகிற கல்லை மட்டும் பொறுக்கி வராதீர்கள். பாறையின் குறுக்கே ஒரே அகலத்தில் தொடர்ச்சியாகச் செதுக்கி, மங்கலானதையும் சேர்த்து, இரண்டு மூன்று கிலோ கொண்டுவாருங்கள். புதுப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு எடுப்பது நல்லது. நகைப் பட்டறைச் சுத்தியல், தட்டு வேண்டவே வேண்டாம், அவற்றில் ஒட்டியிருக்கும் துகள் ஒன்றே கணக்கைக் கெடுத்துவிடும். அரைத்த பொடியில் மிச்சத்தை 3 மாதம் உங்கள் பெயரில் வைத்திருப்போம். மறுசோதனை வேண்டுமானால் அதற்குள் அறிக்கை எண்ணோடு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உலோகச் சோதனைக்கூடத்தார், கோவை