முழுக் கைப்பிரதியைப் படியுங்கள்: படைப்பெழுத்து முதுகலைத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும், பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், நெறியாளர்களுக்கும்,

வணக்கம். படைப்பெழுத்தை முதுகலை நிலையில் பயின்று, பின்னர் அதே துறையில் மாணவர்களின் ஆய்வேடுகளைப் படித்து மதிப்பிடும் பணியையும் செய்து வருபவர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். நான் சொல்ல விரும்புவது ஒன்றே: நாவல் எழுதக் கற்றுக்கொள்ள வந்த ஒருவர், தம் நாவலை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஓர் ஆசிரியர்கூடப் படிக்காத நிலையில் பட்டம் பெற்று வெளியேற இன்றைய பாடத்திட்டங்கள் பலவும் இடம் தருகின்றன. இது தனிப்பட்ட ஆசிரியர் எவருடைய அக்கறைக் குறைவாலும் நேர்வதன்று. படிப்பின் கட்டமைப்பே அப்படி அமைந்திருக்கிறது. ஆகவே அதை மாற்றும் அதிகாரமுடைய தங்களிடம் முறையிடுகிறேன்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922ஆம் ஆண்டிலேயே, உயர்பட்டங்களுக்கான ஆய்வேடாகப் படைப்பிலக்கியத்தையும் ஏற்பதாக அறிவித்தது. அங்கு எழுத்தாளர் பட்டறை 1936இல் முறையாகத் தொடங்கியது. கவிஞர் பால் எங்கிளின் தலைமையில் அது வளர்ந்து, பிற பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் முன்மாதிரியாயிற்று. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் நாவலாசிரியர்கள் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் 1970இல் தொடங்கிய முதுகலைப் படிப்பின் முதல் மாணவர், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற இயன் மெக்கீவன். அதே படிப்பில் பின்னர் சேர்ந்த கசுவோ இஷிகுரோ 2017இல் நோபல் பரிசு பெற்றார். இப்பெயர்களைச் சேர்க்கை அறிக்கைகளில் அச்சிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர்கள் எந்த வகுப்பிலும் சேராமலே எழுதியிருப்பார்கள் என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க நம்மிடம் வழி ஏதும் இல்லை. எழுத்தைக் கற்பிக்க இயலாது, எழுத்தாளரை ஊக்குவிக்கத்தான் இயலும் என்ற நம்பிக்கையை அயோவா பட்டறையே வெளிப்படையாகச் சொல்லி வந்திருக்கிறது. என் கருத்து இதிலிருந்து சற்றே வேறுபடுகிறது. கற்பனையைக் கற்பிக்க இயலாமல் போகலாம். தாம் எழுதியதைத் தாமே தள்ளி நின்று படிப்பதையும், படித்ததன் பேரில் திருத்தி எழுதுவதையும் நிச்சயம் கற்பிக்க முடியும். முதுகலைப் படிப்பு என்ற ஒன்று இருப்பதற்கான நியாயமே அதுதான் என்று கருதுகிறேன்.

பட்டறை நடைபெறும் விதம் தாங்கள் அறிந்ததே. மாணவர் ஏறத்தாழ இருபது பக்கங்களை முன்கூட்டியே அனைவருக்கும் அனுப்புகிறார். வகுப்பில் மற்றவர்கள் அவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச்சு முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது இன்றும் பல இடங்களில் விதியாகவே இருக்கிறது. கவிதைக்கும் சிறுகதைக்கும் இம்முறை பெரும்பாலும் பொருந்தி வருகிறது, ஏனெனில் படிப்பவர் கையில் முழுமையான ஒரு படைப்பு இருக்கிறது. நாவல் எழுதுபவருக்கோ அதே முறை தீங்காகவும் முடியலாம். நான் உடனிருந்த ஒரு பட்டறையில் மாணவி ஒருவர் தம் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்தார். மகனை இழந்த தாய் ஒருத்தி அவனுடைய சட்டையைத் துவைத்து, மடித்து, ஒருவருக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லும் ஒரு வரி அதில் இருந்தது; யாருக்கு என்பதை அத்தியாயம் சொல்லவில்லை. வகுப்பில் திரும்பி வந்த பிரதிகளில் அந்த வரியின் ஓரத்தில் 'தெளிவில்லை' என்றும், 'இது தேவையா?' என்றும், சிலவற்றில் 'நீக்கலாம்' என்றும் பென்சில் குறிப்புகள் இருந்தன. நாவலின் பின்பாதி முழுவதும் அந்தச் சட்டையை அணிந்து ஊரில் நடமாடும் இளைஞனைப் பற்றியது. அதைச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. அடுத்த வரைவில் அந்த வரி இடம்பெறவில்லை. பின்பாதி தொடங்குவதற்கான காரணமும் அத்துடன் போயிற்று.

அந்த வகுப்பில் யாரும் கவனக்குறைவாகப் படிக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாரும் நன்றாகவே படித்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பகுதிதான் அத்தகைய தீர்ப்புக்குப் போதாததாக இருந்தது. ஓர் எழுத்தாளர் எழுதும் உலகை அறியாதவர்கள் பெரும்பான்மையாக அமர்ந்திருக்கும் வகுப்பில் இந்த மௌன விதி இன்னும் கூடுதலான சேதத்தை விளைவிக்கிறது; தெரியாததெல்லாம் தெளிவற்றது என்று தீர்மானிக்கப்பட்டு, அந்த எழுத்தாளர் எதற்கெடுத்தாலும் விளக்கம் எழுதும் பழக்கத்துக்குத் தள்ளப்படுகிறார். நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் உருவாக்கிய ஒரு முறை இதற்கு நல்ல மாற்றாக ஏற்கெனவே இருக்கிறது. அதில் பார்வையாளர்கள் தங்கள் மனத்தில் எது பதிந்தது என்பதை முதலில் சொல்கிறார்கள். அடுத்துப் படைத்தவர் தம் ஐயங்களைக் கேட்கிறார். பிறகு மற்றவர்கள் தீர்ப்புத் தொனி கலவாத கேள்விகளைக் கேட்கிறார்கள். இறுதியாக, படைத்தவரின் ஒப்புதலுடன் மட்டுமே, தம் கருத்துகளைச் சொல்கிறார்கள். மேற்சொன்ன மாணவியிடம் 'சட்டை யாருக்குப் போகிறது என்பதை இப்போது மறைப்பது ஏன்?' என்று யாரேனும் கேட்டிருந்தால், அந்த அத்தியாயத்தைப் பற்றிய பேச்சு முழுவதும் வேறு திசையில் போயிருக்கும்.

இதைவிடப் பெரிய குறை மதிப்பீட்டில் இருக்கிறது. ஓராண்டு முதுகலைப் படிப்புகள் பலவற்றில் ஆய்வேட்டுக்குச் சுமார் 15,000 சொற்கள் போதும். ஒரு நாவலோ எழுபதாயிரம், எண்பதாயிரம் சொற்கள் வரை சாதாரணமாகப் போகக்கூடியது. எனவே மாணவர் சமர்ப்பிப்பது பெரும்பாலும் நாவலின் தொடக்க அத்தியாயங்களையே. பருவத்துக்குப் பருவம் பட்டறையில் அலசப்படுவதும், நெறியாளர் திருத்துவதும், தேர்வாளர் மதிப்பெண் இடுவதும் அந்தத் தொடக்கத்தைத்தான். இதன் விளைவை ஆய்வேடு படிக்கும் ஒவ்வொருவரும் கண்டிருப்பார்கள்: முதல் பக்கம் மிகத் தேர்ந்த கையால் எழுதப்பட்டிருக்கும், பாத்திரங்கள் ஒருவர்பின் ஒருவராக அழகாக அறிமுகமாவார்கள், எழுபதாம் பக்கத்துக்குப் பிறகு கதையை எங்கே கொண்டு செல்வது என்று மாணவருக்குத் தெரிந்திருக்காது. தெரியாததில் வியப்பில்லை. நாவலின் நடுப்பகுதியை எழுதுவது தனியான ஒரு திறமை. தொடக்கத்தில் இட்ட ஆவலை அணையாமல் காப்பது, இடையில் புதியவர் ஒருவரைத் தாமதமாக உள்ளே கொண்டுவருவது, ஓராண்டுக் காலத்தை ஒரே பத்தியில் கடப்பது ஆகியவற்றை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

முழு வரைவைப் படித்தால் மட்டுமே கண்ணில் படும் குறைகள் உண்டு. இரண்டாம் அத்தியாயத்தில் ஆறு வயதாக இருந்த குழந்தை, கதையில் மூன்றாண்டுகள் கழிந்தபின் பன்னிரண்டு வயதுப் பெண்ணாகப் பேசுகிறாள். கதையின் உயிராக இருந்த சித்தப்பா, திருமண அத்தியாயத்துக்குப் பிறகு எந்த விளக்கமும் இன்றிக் காணாமல் போகிறார். ஒவ்வோர் அத்தியாயமும் யாரோ ஒருவர் சன்னல் வழியே வெளியே பார்ப்பதில் முடிகிறது. தனித்தனியே படிக்கும்போது நயமாகத் தோன்றிய அந்த முடிவு, பதினைந்து அத்தியாயங்களைச் சேர்த்துப் படிக்கும்போது அலுப்பூட்டுகிறது. இருபது பக்கம் படித்த எந்தப் பட்டறையும், அதில் அமர்ந்திருப்பவர் எத்தனை கூர்மையான வாசகராக இருந்தாலும், இவற்றைக் கண்டுபிடிக்க இயலாது.

முனைவர் பட்ட நிலையில் நிலைமை சற்று மேல். அங்கு பெரும்பாலும் முழுப் படைப்பும் அதனுடன் ஒரு விமர்சன ஆய்வும் கோரப்படுகின்றன. வாய்மொழித் தேர்வில் இரண்டையும் குறித்துக் கேள்விகள் எழுகின்றன. ஆனால் நான்கைந்து ஆண்டுகள் செலவிடக்கூடியவருக்கு மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு அது. கட்டணம், உதவித்தொகை, பட்டத்துக்குப் பின் கிடைக்கும் வேலை ஆகியவை பற்றியும் சொல்ல நிறைய உண்டு. சேர்க்கைக்கு முன்பே அவற்றை மாணவருக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும் என்பதோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

நான் கோருவது நடைமுறைக்கு ஒவ்வாத ஒன்றன்று. நெடும்படைப்பு எழுதும் ஒவ்வொரு மாணவரின் முழு வரைவையும், அது எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும், படிப்பின் நடுவே நெறியாளர் ஒருவர் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும். அதற்கான நேரம் அவருடைய பணிச்சுமைக் கணக்கில் கற்பிக்கும் நேரமாகவே சேர வேண்டும். இப்போது பல இடங்களில் அவ்வாறு சேர்வதில்லை. மனமுள்ள ஆசிரியர்கள் இரவில் தம் சொந்த எழுத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அதைச் செய்கிறார்கள். சக மாணவர்கள் இருவர் இணைந்து ஒருவர் நாவலை மற்றவர் முழுமையாகப் படித்து எழுத்தில் அறிக்கை தருவதையும் ஒரு பாடத்தாளாக ஏற்கலாம். பிறர் கைப்பிரதியை அப்படிப் படிப்பதைவிடச் சிறந்த பயிற்சி ஒரு நாவலாசிரியருக்கு அரிது. இறுதி மதிப்பீட்டில் முதல் வரைவையும் திருத்திய வரைவையும் ஒருசேரச் சமர்ப்பிக்கச் சொல்லி, இரண்டுக்கும் இடையே மாணவர் எடுத்த முடிவுகளுக்கும் மதிப்பெண் தரலாம்.

இவ்வளவையும் செய்ய ஆசிரியர்கள் போதாதே என்ற மறுப்பு எழும் என்பதை அறிவேன். அது நேர்மையான மறுப்பு. ஆசிரியர் எண்ணிக்கையைக் கூட்ட இயலாத துறைகள் மாணவர் சேர்க்கையைக் குறைக்க வேண்டும் என்பதே என் பதில். முழுமையாகப் படிக்க முடியாத அளவுக்கு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு எழுத்தில் முதுகலைப் பட்டம் தருவது முறையாகாது. அடுத்த கல்வியாண்டுக்கான சேர்க்கை எண்ணிக்கையை முடிவு செய்யும் கூட்டத்தில், ஒவ்வொரு நெறியாளரும் ஓராண்டில் எத்தனை முழுக் கைப்பிரதிகளைப் படிக்க இயலும் என்ற கேள்வியை முதலில் எழுப்பி, அதற்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே இடங்களை நிர்ணயிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் துறையின் நலன் நாடும் முன்னாள் மாணவர்