ஆண்டறிக்கை: செங்காந்தள் வளர்த்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் விதைப் பரிமாற்றமும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே இந்த அறிக்கையில் பெரும்பகுதி, செங்காந்தளை உறுப்பினர்கள் வீட்டில் வளர்க்க சென்ற பொதுக்குழுவில் நாம் கையில் எடுத்த வேலையைப் பற்றியதுதான். மாநில மலர் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் வைத்திருப்பவர்கள்தான் குறைவு.

கிழங்கை எங்கே வாங்குவது என்று செயற்குழுவில் பெரிய வாக்குவாதம் நடந்தது. கிளுவை வேலியிலும் மலையடிவாரத்திலும் தானாக முளைத்திருப்பதைத் தோண்டிக்கொண்டால் செலவே இல்லை என்றார்கள் சிலர். மருந்துக்கென்று தோண்டித்தோண்டியே காட்டில் அருகிப்போன செடியை நாமும் போய்த் தோண்டுவதா என்ற பேச்சுதான் கடைசியில் எடுபட்டது. தாராபுரம், மூலனூர் பக்கம் இதை விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அங்கே ஒரு விவசாயியிடம் வாங்கினோம்.

அதற்கு முன் ஒரு நர்சரியில் வாங்கிய கிழங்குகள் வீணாயின. சாக்கில் குலுங்கி, நுனி முறிந்து வந்து சேர்ந்தன. இந்தக் கிழங்கு கலப்பைபோல் இரண்டு கையாக வளைந்திருக்கும். முளை வருவது நுனியில் மட்டும்தான். உருளைக்கிழங்கு மாதிரி கண்டகண்ட இடத்தில் முளைக்காது. நுனி போனால் அந்தக் கை போனதுதான். இனி நேரில் பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவாகியிருக்கிறது.

ஆடியில் நட்டோம். மணல் கலந்த செம்மண், நான்கு விரல் ஆழம், கிழங்கு படுத்த வாக்கில். தண்ணீர் தேங்கிய தொட்டிகளில் கிழங்கு அழுகிவிட்டது, மற்றவை முளைத்துவிட்டன. இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடுவதால் மூங்கில் குச்சி தடிமனாக இருந்தால் பிடிக்கத் தெரியாமல் தொங்குகிறது. மெல்லிய கம்பியோ காய்ந்த மிளாறோ போதும். கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி வைத்த புழு வந்தால் கையுறை போட்டுப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் தண்டுதான் மிஞ்சும்.

புரட்டாசியிலிருந்து பூ. பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளுக்கு நாள் சிவந்துகொண்டே போகும் ஆறு இதழ்களைப் பார்க்க அக்கம்பக்கத்தாரும் வந்தார்கள். பூவின் பெண் பாகமான சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால் காய் எளிதில் பிடிப்பதில்லை. விவசாயிகள் செய்வதுபோல் காலையில் மகரந்தத்தைக் கையால் தொட்டுச் சூல்தண்டின் நுனியில் வைத்தவர்கள் வீட்டில் காய் பிடித்தது. ஆனால் விதைபோட்டு வளர்ப்பது பொறுமைசாலிகளுக்கான வேலை. பூக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

அதிக இழப்பு பூ முடிந்த பிறகுதான். தை, மாசியில் செடி மஞ்சளாகிக் காய்ந்ததும் பலர் செத்துவிட்டது என்று முடிவுகட்டினார்கள். சிலர் தண்ணீரை அள்ளி ஊற்றினார்கள். சிலர் தொட்டியைக் கொட்டிவிட்டுத் தக்காளி நட்டுவிட்டார்கள். செடி சாகவில்லை, தூங்குகிறது. நட்ட கிழங்கு சுருங்கி, அதன் இடத்தில் புதுக்கிழங்கு உருவாகியிருக்கும். தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத ஓரத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் அப்போது செய்ய வேண்டிய வேலை. நம் உறுப்பினர்களுக்குச் சும்மா இருப்பதுதான் கஷ்டம்!

அப்புறம், நஞ்சு. செடி முழுவதிலும் கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். மூட்டுவலி மருந்துக்காக விதையை வாங்குவது இதற்காகத்தான், உயிரைப் பறிப்பதும் இதுதான். சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. எனவே கிழங்குப் பையில் சிவப்பு மையால் 'விஷம்' என்று எழுதித்தான் கொடுக்கிறோம். சமையலறையில் வைக்கக் கூடாது. தவழும் குழந்தையோ ஆடு மாடோ உள்ள வீடுகளுக்குத் தருவதில்லை என்ற தீர்மானத்தில் சிலருக்கு மனத்தாங்கல் இருப்பது தெரியும். அதை மாற்றும் எண்ணம் செயற்குழுவுக்கு இல்லை.

வரும் ஆடிக்குக் கிழங்கு வேண்டுபவர்கள் கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகவும். சென்ற ஆண்டு வாங்கியவர்கள், தொட்டியில் கிழங்கு பெருகியிருந்தால், ஒன்றைச் சங்கத்துக்குத் திருப்பித் தர வேண்டுகிறேன். நுனி முறியாமல் காய்ந்த மணலில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்