சந்தேகம் சாருடன் ஒரு ரவுண்ட்ஸ்

அன்புள்ள கதிர்,

பொங்கல் வாழ்த்துக்குப் பதில் போடாததற்குத் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு ஹவுஸ் சர்ஜன்சி முடியப் போகிறது.

விஷயம் இதுதான். எதையும் சந்தேகப்பட்டே பார்க்கும் நம் டாக்டர் சந்தேகம் சாரை மறுபடி வார்டில் பார்த்தேன்! ஆரணிச் சித்திக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், தலைவலி. பிளேட்லெட் 70,000, கல்லீரல் என்சைம்கள் கொஞ்சம் ஏறியிருந்தன. டெங்கு என்று எழுதி டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கெஞ்சிக் கூப்பிட்டதும் வந்தார் மனுஷர். கேஸ் ஷீட்டை வாங்கி மூடி வைத்துவிட்டு அதே பழைய கேள்வி: "எது ஒட்டலை?"

டெங்கு என்றால் ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டு, பிளேட்லெட் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். பத்தாம் நாளும் 103 அடிக்கிறது. மழை ஓய்ந்த மாதம். சித்தியோ மாட்டுக்குப் புல் அறுக்கிறவள். நர்ஸிடம் உடம்பின் மடிப்பெல்லாம் தேடச் சொன்னார். மார்புக்கு அடியில் இருந்தது, சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு. ஸ்க்ரப் டைபஸ்! புல் புதரில் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து வரும் காய்ச்சல்; கடித்த இடம்தான் அந்தப் பொருக்கு. வலியில்லாததால் சித்திக்கே தெரியவில்லை. ஸ்கேன் பார்க்கிற நீயாக இருந்தால் 'மண்ணீரல் லேசாக வீங்கியுள்ளது, கிளினிக்கலாகப் பொருத்திப் பார்க்கவும்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாய்.

இதை ஞானதிருஷ்டி என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. டாக்டர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த எல்ஸ்டீனும் கூட்டாளிகளும் 1978இல் எழுதியது நினைவிருக்கிறதா? கெட்டிக்கார டாக்டரும் சாதாரண டாக்டரும் முதல் சில நிமிடங்களிலேயே நாலைந்து நோய்களை ஊகித்துவிடுகிறார்கள். யோசிக்கும் முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு கேஸில் ஜொலிப்பவர் அடுத்ததில் தடுமாறுகிறார். அந்தந்த நோயைப் பற்றி மனதில் என்ன சரக்கு இருக்கிறது என்பதுதான் கணக்கு. சாரிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

என்னைத் தூங்கவிடாதது வேறு. பொருக்கே கிடைக்காமல் போயிருந்தால்? நிறையப் பேருக்குக் கிடைப்பதில்லையே. கேட்டேன். "அப்பவும் டாக்ஸிசைக்ளின் போட்டிருப்பேன்" என்றார். ஸ்க்ரப் டைபஸுக்கான ஆன்டிபயாடிக் அது; மலிவான மாத்திரை, கெடுதல் குறைவு. தாமதித்தால் நுரையீரலும் கிட்னியும் போகும். எந்த அளவு சந்தேகத்தில் மருந்தைத் தொடங்கலாம் என்று பாக்கரும் காசிரரும் 1980இல் போட்ட கணக்கை மனுஷர் படுக்கை ஓரத்தில் நின்று போடுகிறார். அதோடு விட்டாரா? நோயை உறுதி செய்யும் எலைசா பரிசோதனைக்கு முதலில் ரத்தம் எடுக்க வைத்தார். "காய்ச்சல் இறங்கினா ஸ்க்ரப்னு முடிவு கட்டாதே. லெப்டோவும், அதான் எலிக்காய்ச்சலும், இந்த மாத்திரைக்கு அடங்கும்." இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது; ரிப்போர்ட் வரும்வரை அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

ஆனால் டிபி விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை. கிருமி எங்கும் அகப்படாத நாள்பட்ட காய்ச்சலுக்கு, சந்தேகத்தை மட்டும் நம்பி, கல்லீரலைக் கெடுக்கக்கூடிய மருந்தை ஆறு மாதம் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. பெரிய மனதோடு "காத்திருந்து செத்தவங்களையும் எண்ணு" என்கிறார். நீ எந்தக் கட்சி? வாட்ஸப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாமல் ஒழுங்காக எழுது.

உன்,
சேகர்