புத்தாண்டுக் கடிதம்: முதல் பருவச் செய்திகளும் காலை நேரக் கார் வரிசையும்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் முதல் பருவம் நல்லபடியாக நிறைவுற்றது. மழலை நிலைக் குழந்தைகள் உயிரெழுத்துகளை எழுதிப் பழகிவிட்டார்கள். மேல்நிலை மாணவர்களின் திருக்குறள் ஒப்புவித்தலும் கதை சொல்லும் போட்டியும் சிறப்பாக நடந்தன. பங்கேற்ற பிள்ளைகளுக்கும், வாரக் கடைசியை எங்களுக்காக ஒதுக்கிய ஆசிரியர்களுக்கும், தன்னார்வலர்களுக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டைகள் இரண்டாவது ஞாயிறு கிடைக்கும். நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தராதவர்கள் அன்றே கொண்டுவந்துவிடுங்கள்.

இப்போது காலை நேரக் கார் வரிசை பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நம் வகுப்பு ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது. எட்டே முக்காலுக்கு வாயில் திறக்கும்வரை, ஹீட்டருக்காக எஞ்சினை அணைக்காமல் கார்கள் வரிசையில் நிற்கின்றன. வெளியே 42 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர் என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், அதில் தவறில்லை. ஆனால் அரிசோனாவின் இந்த ஃபீனிக்ஸ் பள்ளத்தாக்கில் அந்த நேரத்துக் காற்று எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாலைவனத்தில் மேகமில்லாத குளிர்கால இரவில் தரை தன் சூட்டை வேகமாக வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துத் தாழ்வான இடங்களில் தேங்குகிறது. அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருப்பதால் கீழ்க்காற்று மேலே எழும்ப முடியாமல் மூடி போட்ட மாதிரி அடைபட்டுக்கிடக்கிறது. தெற்கே சவுத் மவுண்டன், மேற்கே எஸ்ட்ரெல்லாவும் ஒயிட் டேங்க்கும், வடகிழக்கே மெக்டவல் என்று சுற்றிலும் மலை. காற்றோட்டமும் குறைவு. முந்தைய மாலை எரிந்த விறகுப் புகை, சாலைத் தூசி, வண்டிப் புகை எல்லாம் விடியும்வரை அதே இடத்தில்தான் இருக்கும். ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஏழரை ஆகிறது. தரை சூடேறி அந்த மூடி கலையப் பத்து, பதினொரு மணி ஆகிவிடும். நாம் பிள்ளைகளை இறக்கிவிடுவது அதற்கு முன்னால்.

மார்கழிக் காலைக் காற்று உடம்புக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த ஊரில் அது நேர்மாறு. குளிர்காலம் முழுவதும் தங்கிப்போக ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகள் காலை ஆறரைக்கு நடைப்பயிற்சி போவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். இதய நோயோ, சர்க்கரையோ, இளைப்போ உள்ளவர்களுக்கு அது அந்த நாளின் மோசமான நேரங்களில் ஒன்று. மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு மணிக்குள் நடக்கச் சொல்லுங்கள். வெயிலும் இதமாக இருக்கும், காற்றும் கலைந்திருக்கும்.

இந்தக் காற்றில் நம்மை அதிகம் பாதிப்பது பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கில் தங்காமல் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகிறது, அங்கிருந்து ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கிறது. ஆஸ்துமா கிளம்புவதும், இருமல் வாரக்கணக்கில் நீடிப்பதும், முதியவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடுவதும் இதனால்தான். பிள்ளைகள் தங்கள் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். போதாததற்கு அவர்கள் மூக்கு நிற்கும் உயரத்துக்குப் பக்கத்தில்தான் காரின் புகைக்குழாயும் இருக்கிறது.

"என் கார் புதியது, புகையே வராது" என்று சிலர் சொல்கிறார்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸ் வரை சூடான பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தூரம் வந்த காரில் அது இன்னும் முழுதாகச் சூடாகியிருக்காது. நின்ற இடத்திலேயே ஓடும் எஞ்சின் அதை மெதுவாகத்தான் சூடாக்கும். இன்றைய பெரும்பாலான பெட்ரோல் கார்களில் எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் குளிர்ந்த எஞ்சின் நுண்துகளை அதிகமாகவே வெளிவிடுகிறது. அணைத்துத் திரும்ப இயக்கினால் பெட்ரோல் கூடுதலாகும் என்பதும் பழைய கணக்கு. பத்து வினாடிக்கு மேல் நிற்பதானால் அணைப்பதே சிக்கனம். எஞ்சினை அணைத்துக் கண்ணாடியை ஏற்றிவைத்தால் பத்து நிமிடம் வரை கார் உள்ளே கதகதப்பாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டு அனுப்புங்கள்.

ஆகவே இந்த ஞாயிறு முதல்: வரிசையில் நின்றதும் எஞ்சினை அணைத்துவிடுங்கள். முன்கார் நகர்ந்த பிறகு இயக்கினால் போதும். எட்டரைக்கு முன் வந்துவிட்டால் வரிசைக்கு வராமல் கிழக்குப் பக்கப் பார்க்கிங்கில் நிறுத்துங்கள். வாயிலை ஒட்டிய முதல் நான்கு இடங்களில் யாரும் நிற்க வேண்டாம். கட்டடத்துக்குள் காற்றை இழுக்கும் ஜன்னல் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. அங்கே விடும் புகை நேரே மழலை வகுப்புக்குப் போகிறது. மதியம் அழைத்துப் போகும்போது பிள்ளை பெல்ட் போட்ட பிறகு எஞ்சினை இயக்குங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மஞ்சள் மேலாடை போட்டு வரிசையை ஒழுங்குபடுத்துபவர்கள் நம் உயர்நிலைப் பள்ளித் தன்னார்வலர்கள், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள். அவர்கள் பணிவாகக் கேட்டபோது கண்ணாடியை ஏற்றிக்கொண்டதும், "நீ யார் சொல்ல?" என்று கடிந்துகொண்டதும் டிசம்பரில் ஒரு முறைக்கு மேல் நடந்திருக்கிறது. இதை ஏற்க முடியாது. அந்தப் புகைக்கு நடுவே அரை மணி நேரம் நிற்பவர்கள் அவர்கள்தான். இனி ஒரு முறை நினைவூட்டுவோம். மறுமுறையும் எஞ்சின் ஓடினால் அந்தக் கார் வரிசையை விட்டு வெளியே நிறுத்தப்படும். பெற்றோர் பிள்ளையை நடத்திக் கூட்டிவர வேண்டும். யாருக்கும் விலக்கு இல்லை, ஆசிரியர்களின் காருக்கும் இதுவே.

பள்ளியும் தன் பங்கைச் செய்கிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஏர்நவ் செயலியில் நம் பகுதியின் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்து, எட்டே காலுக்குள் வாட்ஸ்அப் குழுவில் நிறத்தை மட்டும் அனுப்புவோம். பச்சை, மஞ்சள் என்றால் வழக்கம்போல். ஆரஞ்சு, அதாவது 100-க்கு மேல் என்றால் தமிழ்த்தாய் வாழ்த்து உள்ளரங்கில் நடக்கும். இடைவேளையில் பாண்டி ஆடலாம், கபடியும் ஓட்டப் பந்தயமும் கிடையாது. சிவப்பு, 150-க்கு மேல் என்றால் யாரும் வெளியே விளையாட மாட்டார்கள். வார இறுதியில் கட்டடத்தின் காற்றாடி தானாகவே நின்றுவிடுவதால், வகுப்பு நேரம் முழுதும் அதை ஓடவிடும்படி இடம் தந்திருக்கும் பள்ளியிடம் கேட்டு ஏற்பாடு செய்திருக்கிறோம்.

இதே கோளாறு வீட்டிலும் உண்டு. தெர்மோஸ்டாட்டில் ஃபேன் 'ஆட்டோ'வில் இருந்தால் ஹீட்டர் ஓடும்போது மட்டுமே காற்று வடிகட்டியின் வழியாகப் போகும். நம் ஊர்க் குளிருக்கு ஹீட்டர் ஓடுவதே கொஞ்ச நேரம். காற்று கெட்ட நாளில் 'ஆன்' என்று மாற்றுங்கள். வடிகட்டியின் மெர்வ் எண், அதாவது துகளைப் பிடிக்கும் திறனின் அளவு, 13 ஆக இருந்தால் நல்லது. பழைய யூனிட் என்றால் அதைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அதன் மேலுள்ள அம்புக்குறி காற்று போகும் திசையில், யூனிட்டை நோக்கி இருக்க வேண்டும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்தச் சந்து வழியாகவே போய்விடும், வடிகட்டி சும்மா நிற்கும். காற்றைச் சுத்தப்படுத்தும் தனிக் கருவி வாங்குவதானால், அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது அதன் சி.ஏ.டி.ஆர். எண் (சுத்தக் காற்றை எவ்வளவு வேகமாகத் தருகிறது என்பதன் அளவு) இருக்கட்டும்: 180 சதுர அடிப் படுக்கையறைக்கு 120.

ஜன்னலை அடைத்துவைத்துச் சாம்பிராணி போடுவதையும் கட்டுக்கட்டாக ஊதுபத்தி ஏற்றுவதையும் அந்த நாள்களில் தவிருங்கள். வீட்டுக்குள்ளேயே வெளிக்காற்றைவிட மோசமாகிவிடும். வறட்சிக்கு ஈரப்பதமூட்டி வைப்பவர்கள் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் தண்ணீர் உப்புக் கடினம். அல்ட்ராசோனிக் வகை அந்த உப்பையே நுண்துகளாக்கி அறையில் தூவும். காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள்.

இளைப்பு உள்ள பிள்ளைகளின் பையில் இன்ஹேலரும் ஸ்பேசரும் இருக்க வேண்டும், மருத்துவர் எழுதிய திட்டத்தின் நகல் அலுவலகத்தில் இருக்க வேண்டும். விலா எலும்பு உள்வாங்க மூச்சு விட்டாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ நாங்கள் முதலில் 911-ஐ அழைப்போம், அடுத்து உங்களை. முகக்கவசம் என்றால் முகத்தில் இறுக்கமாகப் பதியும் என்95. துணிக் கவசம் இந்தத் துகளைத் தடுக்காது.

இருமலும் காய்ச்சலும் களைப்பும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் போனால் 'வேலி ஃபீவர்' ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த மண்ணிலுள்ள பூஞ்சை தூசியோடு நுரையீரலுக்குள் போவதால் வருவது அது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஊர் திரும்பிய பிறகு தாத்தா பாட்டிக்கு இருமல் நீடித்தால், அரிசோனாவில் இருந்ததை அங்குள்ள மருத்துவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். காசநோய் என்று தவறாக எண்ண வாய்ப்பு உண்டு.

கடைசியாகப் பொங்கல். பள்ளி விழாவில் இவ்வருடம் விறகடுப்பு இல்லை. நம் மாவட்ட நிர்வாகமான மாரிகோப்பா கவுண்ட்டி 'நோ பர்ன் டே' (விறகு எரிக்கத் தடை நாள்) அறிவித்தால் கணப்படுப்பிலும் முற்றத்துத் தீக்குழியிலும் விறகு எரிக்கக் கூடாது. அந்த அறிவிப்பு முந்தின நாள்தான் வரும் என்பதால் அதை நம்பி விழாவைத் திட்டமிட முடியாது. வெளி முற்றத்தில் புரொப்பேன் அடுப்பில் வெண்கலப் பானை வைத்துப் பொங்குவோம். போகிக்குப் பழைய பாயையும் பிளாஸ்டிக்கையும் எரிக்க நினைக்க வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பழைய துணிகளை அன்று கொண்டுவந்தால் நன்கொடைப் பெட்டியில் சேர்த்துவிடுகிறோம்.

இவ்வளவு நீளமான கடிதத்தைப் பொறுமையாகப் படித்ததற்கு நன்றி. பல பெற்றோர் நாங்கள் கேட்பதற்கு முன்பே எஞ்சினை அணைத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரே காரில் அழைத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி நன்றி. அப்படிச் சேர்ந்து வர விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், ஒரே பகுதியில் இருப்பவர்களை இணைத்துவைக்கிறோம்.

ஞாயிறு காலை சந்திப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்